மாமாவின் சிவந்த கண்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியிலிருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில், தேநீர் கொடுக்கும் சாட்டில் குனிந்து மாமாவின் மூச்சை முகர்ந்து பார்த்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்: "மணக்குதோ, பிள்ளை?" ஏலக்காய் வாசம் மட்டும்தான் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அம்மாவின் தம்பி அவர். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் கண்கள் எந்நேரமும் சிவந்திருக்கும். ஊரில் பல வருடம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் மீன்பிடிக்கப் போனவர். வலது கண்ணின் மூக்கோரத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு சதை முளைத்து, கருவிழிமேல் ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மொன்றியலில் அவர் ஓட்டியதோ பள்ளிக்கூட பஸ். குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்று ஒரு தாய் முறையிட்டாள். கம்பனியில் மதுவைக் காட்டும் கருவியில் ஊதச் சொன்னார்கள், ஊதினார், ஒன்றும் இல்லை. ஆனாலும் கோடை விடுமுறை முடிவதற்குள் கண்ணைச் சரிசெய்யாவிட்டால் பஸ் இல்லை என்றுவிட்டார் மேலாளர். மாமாவுக்கு வேலையைவிடப் பெயர்தான் பெரிது. நம்மவர்களோ கோயிலில் அவரைக் கண்டால் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். வீட்டுக்குள்ளேயே நான் முகர்ந்து பார்த்தேனே, அவர்களை என்ன சொல்ல!

அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, பிள்ளைகளை உட்காரச் சொல்லவும் தலையை உள்ளே எடுக்கச் சொல்லவும் மட்டுமே போதும். அதனால் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டொக்டர் கண்ணில் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கண் காய்ந்துபோயிருக்கிறது, சதையை வெட்டுமுன் அதைக் கவனிக்க வேண்டும் என்றார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணாலை தண்ணி ஓடுது, இவர் காய்ஞ்ச கண் எண்டுறார். வடிவா விசாரிச்சுச் சொல்லு, பிள்ளை." விசாரித்தேன். கண்ணை மூடிக் காக்கும் நீர்ப்படலம் கெட்டால், அந்த எரிச்சலிலேயே கண் சும்மா தண்ணீரைக் கொட்டுமாம். சதை மேடாக நிற்கும் இடத்தில் படலம் சரியாகப் பரவாதாம். சதையை எடுத்தாலும் வறட்சி முழுதாகப் போகும் என்று உறுதி இல்லையாம். ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விடச் சொன்னார். இப்போது கணினியைப் பார்த்துப் பார்த்து என் கண்ணும் காய்வதால் இதெல்லாம் விளங்குகிறது. அன்று நானும் பாதிதான் நம்பினேன்.

ஆறு வாரம் கழித்துப் போனபோது, கண் அப்படியே இருக்கிறது, சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவோம் என்றார் டொக்டர். மாமா தலையாட்டிவிட்டு எழுந்தார். காரில் ஏறியபின்தான் உண்மை வந்தது. வீட்டில் காலையும் இரவும் விட்டிருக்கிறார். பஸ்ஸில் குப்பியைத் தொடவேயில்லை. "குடிச்சவன்தான் கண்ணை வெளுக்க மருந்து விடுவான். அப்பிடி எத்தினை பேரைக் கண்டனான். தாய்மாருக்கு முன்னாலை நான் விட்டால் என்ன நினைப்பினம்?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "குடிக்காத மனிசன் என்னத்துக்கு மாமா ஒளிக்கோணும்? ஒளிச்சால்தான் சனம் கதைக்கும்!" என்று கத்தினேன். அவர் "ஓம், அதுவும் சரிதான்" என்றார். முகர்ந்து பார்த்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டது அன்றுதான்.

அதன்பிறகு ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. யூலையில் சதையை எடுத்துவிட்டு, மேல் இமைக்குக் கீழிருந்து எடுத்த மெல்லிய சவ்வை அந்த இடத்தில் ஒட்டினார்கள். மணல் விழுந்தது போல நாட்கணக்கில் உறுத்தியது. பள்ளி திறப்பதற்குள் சதை இருந்த தடமே இல்லை. வறட்சி மட்டும் குறைந்ததே தவிரப் போகவில்லை. கண்ணில் கொஞ்சம் சிவப்பும் மிச்சம் இருந்தது. பஸ் ஓட்டலாம் என்ற டொக்டரின் கடிதத்தை மேலாளரிடம் கொடுத்துச் சாவியை வாங்கினார்.

முதல் நாள் மனம் கேட்காமல் நானும் தெருமுனைப் பஸ் தரிப்பிடத்துக்குப் போய் நின்றேன். முறையிட்ட தாயும் மகளின் கையைப் பிடித்தபடி நின்றாள். பஸ் வந்தது, கதவு திறந்தது. மாமா உடனே யாரையும் ஏற்றவில்லை. சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து, அண்ணாந்து, எல்லோரும் பார்க்கப் பார்க்க இரண்டு கண்ணிலும் விட்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, பார்வை தெளியும்வரை பொறுத்திருந்து, அந்தத் தாயை நேராகப் பார்த்தார்.

"பொன்ஜூர், மதாம்."

அவள் குப்பியையும் அவரையும் பார்த்தாள். பிறகு மகளின் கையை விட்டாள். சிறுமி ஏறினாள். பஸ் திரும்பி மறைந்ததும், அவள் கேட்காமலே, நான் பிரெஞ்சில் சொன்னேன்: "அவர் என் மாமா."