முப்பது பாயிண்ட் பெரிசா, பதினாறு பெரிசா

எங்கள் கள்ளக்குறிச்சி பாஸ்கெட்பால் கிளப்பில் ஒரு கார்டு இருந்தான். கார்டு என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிறவன். இவன் எதை நடத்தினான்? பந்து கைக்கு வந்தால் ரிங்கைப் பார்த்து எறிவான், அவ்வளவுதான். நாற்பது எறிந்தால் பதினைந்து விழும். முப்பது பாயிண்ட் என்று ஊரே விசிலடிக்கும். விழாத இருபத்தைந்தை ஒருத்தனும் எண்ண மாட்டான். போர்டில் பட்டுத் தெறிக்கும் அந்தப் பந்துகளுக்காக முழங்கை இடி வாங்கிக்கொண்டு ரிங்குக்குக் கீழே நின்றவன் நான். எனக்குத்தான் தெரியும்.

தியாகதுருகம் டீமிலும் ஒரு கார்டு. பத்து போடுவான், எட்டு விழும். இரண்டு பேர் அவனை மறித்தால் சும்மா நிற்கிறவன் கைக்குப் பந்து போய்விடும். “பதினாறு பாயிண்ட்தானே?” என்பார்கள். பத்து ஏக்கரில் முப்பது மூட்டை எடுத்தவனும் இரண்டரை ஏக்கரில் பதினாறு மூட்டை எடுத்தவனும் ஒன்றா? நிலம் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் இந்தக் கணக்கு புரியும். பந்து என்றால் புத்தி மழுங்கிவிடும்.

அந்த வருஷக் கோப்பைக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லிலிருந்து ஆள் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ஒருத்தனுக்கு வேலை. எனக்கு அந்த வேலை வேண்டும், இல்லாவிட்டால் சங்கராபுரத்தில் மாமாவின் மண்டிதான் கதி. பாஸ் கொடுக்கிற கார்டு ஒருத்தன் வந்தால் நான் பிழைத்தேன். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கள் செக்ரட்டரியை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். தியாகதுருகத்துக்காரர்களுக்கும் முப்பது என்றதும் வாயெல்லாம் பல்.

மாற்ற வேண்டிய அன்றைக்கு இட ஒதுக்கீட்டுப் போராட்டம். பாதி வழியில் புளியமரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். இந்தப் பக்கம் எங்கள் கார்டு, செக்ரட்டரி, நான். அந்தப் பக்கம் அவர்களுடைய செக்ரட்டரியும் கார்டும், கையில் பையோடு. ஒரு கிளையைத் தாண்டினால் முடிந்தது.

“மொதல்ல உங்க ஆளை அனுப்புங்க” என்றார் எங்கள் செக்ரட்டரி.

“அதெப்படிங்க? நீங்க அனுப்புங்க, அப்பால நாங்க அனுப்புறோம்.”

மாட்டுச் சந்தையில் பிறந்து வளர்ந்த புத்தி. அந்தக் கயிறு கைக்கு வராமல் இந்தக் கயிறை விடமாட்டார்கள். “அண்ணா, ரெண்டு பேரையும் ஒண்ணா தாண்டச் சொல்லுங்கண்ணா” என்று கத்தினேன். “நீ சும்மா இரு, உனக்கு இன்னா தெரியும்?” என்றார். வெயில் ஏறி, பேச்சு தடித்து, சாதாரணப் பேச்சு மரியாதையில்லாத பேச்சாக மாறிய நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. யார் மரத்தை வெட்டினவன், யார் பந்து விளையாடுகிறவன் என்று அவர்கள் கேட்டுக்கொண்டு அடிப்பார்களா? அவரவர் ஊரைப் பார்த்து ஓடினோம். கோப்பைக்குப் பேர் கொடுக்கிற கெடுவும் அன்று சாயங்காலத்தோடு முடிந்தது.

கோப்பையில் எங்களவன் வழக்கம்போல் எறிந்தான். ரிங்குக்குக் கீழே தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவன் மாதிரி. ஒரு பாஸ் வரவில்லை. தோற்றோம். மில்காரர் வந்து, “நீ எத்தனை பாயிண்ட்?” என்றார். நாலு என்றேன். அடுத்தவனிடம் போய்விட்டார். வேலை முப்பதுக்குப் போயிற்று. தியாகதுருகத்துக்காரனை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது, இன்னமும் எரிகிறது.

நான் மண்டியில் உட்கார்ந்து கல்வராயன் மலைச் சாமையை அளந்தே தலை நரைத்தேன். மில் வேலைக்குப் போன எங்கள் கார்டு ரிட்டையராகி ஊருக்கு வந்திருக்கிறான். போன வாரம் வந்து மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்தான்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அன்னிக்கு நான் போட்டு விழாத பந்தை எடுத்து நீயே ரெண்டு தடவை போட்டுக்கினியே, எனக்கு ஒரு பாஸ் குடுத்திருந்தா இன்னாடா? ஜெயிச்சிருப்போம் இல்ல?”

சிரிக்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.