இரண்டு நாளில் தயாரான ஆட்கள்

கொடைக்கானலில் ஒரு மின் ஒப்பந்தக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். மலையிலுள்ள ரிசார்ட்டுகளின் டிரான்ஸ்பார்மர்களையும் ஜெனரேட்டர்களையும் பராமரிப்பது எங்கள் வேலை. வேலைக்குக் குறைவில்லை, ஆள்தான் கிடைக்கவில்லை. ஐடிஐ படித்தவர்கள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விடுவார்கள். எங்கள் முதலாளி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காட்டு வேலைக்குப் போகிறவர்களைச் சேர்த்து, பதினைந்து நாள் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து, அடையாள அட்டை மாட்டி அனுப்புவது. பயிற்சி கொடுப்பவன் நான்.

பதினைந்து நாளை இரண்டு நாளாகச் சுருக்கியதும் நான்தான். சீசன் தொடங்கிவிட்டது, ரிசார்ட்காரர்கள் போனில் கத்துகிறார்கள், வெரசா முடிங்க என்றார் முதலாளி. நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெல்மெட், கையுறை, முதலுதவி, சுவிட்சை இறக்குவது எப்படி. அவ்வளவுதான். இரண்டாம் நாள் சாயங்காலம் வருகைப் பதிவேட்டை விரித்துவைத்து, பதினைந்து நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினேன்.

பேத்துப்பாறையிலிருந்து வந்த ஒருவர் மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் முழுப் பெயரையும் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அதுவரை அவரும் மனைவியும் பூண்டுக் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இனிஷியல் போதும், பின்னால் ஆள் நிற்கிறது என்று அதட்டினேன். சிரித்துக்கொண்டே முழுப் பெயரையே வேகமாக எழுதினார்.

மூன்றாவது வாரம் கூக்கால் போகும் வழியில் ஒரு ரிசார்ட்டுக்கு அவரைத் தனியாக அனுப்பினேன். டிரான்ஸ்பார்மரின் மேல்பக்கம் ஃபியூஸ் போயிருந்தது. துணைக்கு அனுப்ப ஆள் இல்லை. நான் கற்றுக்கொடுத்தபடியே அவர் கம்பத்துச் சுவிட்சை இறக்கிவிட்டு ஏறினார். அந்த நேரம் பார்த்து, விருந்தாளிகளுக்கு வெந்நீர் வரவில்லை என்று ரிசார்ட் மேனேஜர் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். அந்த மின்சாரம் கீழிருந்து டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாக ஏறி, பல மடங்காகி, அவர் கைகளுக்கு வந்து சேர்ந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளையும் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் போனபோது அவர் மனைவி கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று, "இவரு என்ன தப்புப் பண்ணுனாருன்னு சொல்லுங்க சார்" என்று கேட்டார். நான் ஒரு மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டு விளக்கினேன். இது கம்பி, இது டிரான்ஸ்பார்மர், இது ஜெனரேட்டர். சுவிட்சை இறக்கினால் மட்டும் போதாது, ஜெனரேட்டர் பக்கத்தையும் பூட்டிவிட்டு, கம்பியைத் தரையோடு இணைத்த பிறகுதான் தொடவேண்டும். அந்த அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

கட்டிலிலிருந்து அவர் தலையைத் திருப்பினார்.

"ஜெனரேட்டர்லேர்ந்தும் வருமாங்க?"

அவர் குரலில் கோபம் இல்லை. வகுப்பில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அங்கே கேட்டார். வரும் என்றேன். படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் பதிவேட்டைக் காட்டினேன். ஒன்பதாம் நாள் பாடம் ஜெனரேட்டர். ஒன்பதாம் நாள் கட்டத்தில் அவருடைய முழுப் பெயர் இருந்தது. பயிற்சி பெற்ற தொழிலாளியின் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது. அதைத் தட்டச்சு செய்து கொடுத்ததும் நான்தான்.

நாலு மாதம் கழித்து முதலாளி அவரை மறுபடியும் வேலைக்கு எடுத்தார். எல்லோரும் பாராட்டினார்கள். புதிய ஆட்களுக்குப் பயிற்சி நடக்கும்போது முன்னால் வந்து நிற்க வேண்டும், அதுதான் வேலை. சட்டைக் கையை மடித்துவிட்டிருக்க வேண்டும் என்றும் முதலாளி சொல்லியிருந்தார். மடித்துவிட்டவன் நான். "சொன்னதைக் கேக்காட்டி இப்படித்தான் ஆகும்" என்று ஒரு குச்சியால் அவரைச் சுட்டிக்காட்டிப் பாடம் எடுத்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்குவதைப் பார்த்தபடி நின்றார்.

ஒருநாள் பண்ணைக்காட்டிலிருந்து வந்திருந்த, விபத்து எப்படி நடந்தது என்று கேள்விப்பட்டிருந்த ஒருவர் எழுந்து, ஜெனரேட்டர் விஷயத்தை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையா என்று நேராக அவரிடமே கேட்டுவிட்டார். அவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு கணம் தோன்றியது.

"சொன்னாங்க. நாந்தான் கவனிக்கல" என்றார்.

இடைவேளையில் அவருக்கு டீ புகட்டுவது என் பொறுப்பு. கிளாஸை அவர் வாயருகே பிடித்தபடி, உங்களுக்கு நான் செய்தது பாவம் என்று எப்படியோ சொல்லிமுடித்தேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"உங்களுக்காக அப்படிச் சொல்லலைங்க. இந்தச் சோலியும் போயிட்டா எங்கூட ஒக்காந்து எனக்குச் சோறு ஊட்டுறதா, காட்டுக்குக் கூலிக்குப் போறதான்னு எம் பொண்டாட்டி முழிப்பா." பிறகு, "வாயைத் தொடச்சு விடுங்க" என்றார். துடைத்துவிட்டேன்.

அடுத்த அணியிலிருந்து முதல் நாள் முதல் மணி நேரத்தில் ஜெனரேட்டர் பாடத்தை வைத்தேன். என்னால் முடிந்த திருத்தம் அவ்வளவுதான். பயிற்சி அப்போதும் இரண்டு நாள்தான். பதிவேட்டில் பதினைந்து நாளுக்கும் கையெழுத்து வாங்கினேன். இனிஷியல் போட்டவர்களை நிறுத்தி, முழுப் பெயரையும் எழுதச் சொன்னேன்.