ஆறு வீட்டுக்கு ஒரு கதவு

ஊறிப்போன பிளைவுட் எப்படி நாறும் என்று கேட்டால், சோப்பு நுரையும் உதிர்ந்த தலைமுடியும் மூடிய டப்பாவுக்குள் ஒரு வாரம் கிடந்தால் வரும் வாடை என்றுதான் என்னால் சொல்ல முடியும். அப்போது எனக்குப் பதினோரு வயது. ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டி நாங்கள் குடியிருந்த ‘லைன் வீட்டில்’ ஆறு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு குளியலறைதான். அதன் கதவிலிருந்து வந்த நாற்றம் அது. கதவின் அடிப்பக்கம் டீயில் ஊறிய ரஸ்க்கைப் போல உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து, தொட்டால் விரலோடு வந்துவிடும். அந்த அடுக்குகளுக்கு நடுவே பூரான்கள் குடியிருந்தன. சுவரைப் பார்த்து நின்று குளிக்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. கால் விரல்களை மடக்கிக்கொண்டு, கதவைப் பார்த்தபடியேதான் குளிப்பேன்.

ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவியிலிருந்து அந்த வருடம்தான் நாங்கள் ஓசூருக்கு வந்திருந்தோம். அப்பா ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலைக்குப் போனார். அம்மா, வெளிநாட்டுக்குப் போகும் எந்திரங்களுக்கு மரப்பெட்டி அடிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். ‘ஓனர்’ என்று எல்லோரும் கூப்பிட்ட வீட்டுக்காரர் எதிரேயிருந்த மாடி வீட்டில் இருந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்று மொழியிலும் அவர் அடிக்கடி சொன்ன ஒரே சொல் ‘அட்ஜஸ்ட்’.

அந்தக் கதவை மாட்டியபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், பழைய தகரக் கதவு இற்று விழுந்துவிட்டதென்று ஓனர் ஓர் ஆசாரியைக் கூட்டிவந்தார். அவர்கள் கொண்டுவந்தது எங்கோ வீட்டுக்குள் மாட்டியிருந்த பழைய பிளைவுட் கதவு. உயரம் அதிகமென்று அடியில் ரம்பத்தால் அறுத்தார்கள். அறுத்த பக்கம் பச்சையாக, ஒரு கை பெயின்ட்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. மூன்று கீல் வேண்டிய இடத்தில் இரண்டு. அந்த இரண்டுக்கும் ஆசாரி ஸ்க்ரூவைத் திருப்பவில்லை, சுத்தியலால் அடித்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க, ஸ்க்ரூவ சுத்தியால அடிச்சா அது வெறும் ஆணிதானே? மரத்த எப்படிப் புடிக்கும்?” என்றாள்.

“பாத்ரூம் கதவுதானம்மா, இதுக்கென்னா இப்ப?” என்றார் ஆசாரி. ஓனர் சிரித்தார். அரை மணி நேரத்தில் இருவரும் போய்விட்டார்கள்.

கதவு அழுகியதைவிட, அது அழுகும் என்று தெரிந்தே ‘பாத்ரூம் கதவுதானம்மா’ என்று மாட்டிய அலட்சியம்தான் இன்றைக்கும் எனக்குப் பெரிய அருவருப்பு. குளியலறையின் தரையும் அதே கையால் போட்டதுபோலத்தான் இருந்தது. தண்ணீர் ஜலதாரைக்குப் போகாமல் வாசலை நோக்கி ஓடிவந்து, கதவின் அடியில் நாள் முழுக்கத் தேங்கி நிற்கும். தாழ்ப்பாளை மாட்டியிருந்த சுவர், உள்ளே வெற்றிடமாக இருக்கும் ‘ஹாலோ பிளாக்’ கல்லால் கட்டியது. அதில் குடைந்த துளையில் சரியான ஆப்பு வைக்காமல் காகிதத்தைத் திணித்து ஸ்க்ரூவைச் செருகியிருந்ததால், தாழ்ப்பாள் ஒரே மாதத்தில் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அதன்பிறகு ஒரு குடம் தண்ணீரைக் கதவுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும். பெண்கள் இரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே காவல். ஆண்களில் சிலர் பல் துலக்கும் சாக்கில் அந்தப் பக்கமே நின்றார்கள். வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு, கதவிடுக்கைப் பார்த்தும் பார்க்காததுபோல நின்ற அந்த முகங்களை நான் மறக்கவில்லை.

மூன்றாவது வீட்டில் ஷமீம் அக்கா இருந்தாள். சிங்காரப்பேட்டைக்காரி, இருபது இருபத்தொரு வயது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்த அண்ணனோடு தங்கி, கடிகாரப் பாகங்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சக்கரத்தை இடுக்கியால் எடுத்து வைப்பதை எனக்கு நடித்துக் காட்டுவாள். அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது அவள் முகமே வேறாகிவிடும்.

பொங்கல் முடிந்த ஒரு காலை. முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் வாளியும் துண்டுமாக வரிசையில் நின்றிருந்தார்கள். காவலுக்கு நிற்க அன்றைக்கு யாரும் கிடைக்காமல் ஷமீம் அக்கா தனியாக உள்ளே போயிருந்தாள். “பஸ் போயிடும், சீக்கிரம் வாம்மா” என்று ஒருவர் கதவைப் பலமாகத் தட்டினார். இரண்டாவது தட்டில் மேல் கீல் பிய்ந்தது. மூன்றாவதில் கதவே உள்பக்கமாகச் சாய்ந்து அவள்மேல் விழுந்தது. மார்புக்கு மேல் தூக்கிக் கட்டிய ஈரப் பாவாடையோடு, கண்ணில் சோப்போடு, கதவுக்கும் சுவருக்கும் நடுவே அவள் சிக்கி நின்றாள். தோளில் கீலின் முனை கிழித்து இரத்தம் வந்தது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்; பயத்தில் சிரித்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை.

அம்மா கொடியில் காய்ந்த போர்வையை உருவிக்கொண்டு ஓடி, அவளைச் சுற்றி மூடி, எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தாள். அன்று மாலை அவளுடைய அண்ணன், “நாளக்கழிச்சு ஊருக்கே அனுப்பிடறன். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்று சொன்னது சுவர் வழியாக எங்களுக்குக் கேட்டது. ஓனரோ, “அவ்ளோ பலமா யாரு தட்டச் சொன்னது? கோணியக் கட்டி அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, அடுத்த மாசம் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார். கோணி கட்டப்பட்டது. காற்றடித்தால் அது தூக்கிக்கொள்ளும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா தன் கம்பெனியில் கேட்டு வாங்கிவந்த கை டிரில்லோடும் திருப்புளியோடும் எங்கள் வீட்டின் பின்வாசல் முன்னால் உட்கார்ந்தாள். அந்த வாசலுக்கு மட்டும் நல்ல பலகைக் கதவு இருந்தது. அதைக் கழற்ற ஆரம்பித்தாள். அப்பா, “உனக்கெதுக்கு ஊர் வம்பு?” என்று கத்திவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கதவு பாதி கழன்றபோது, மூன்றாவது வீட்டிலிருந்து ஷமீம் அக்கா முக்காட்டை இறுக்கிக்கொண்டு வந்து, கதவின் மறுமுனையைப் பிடித்தாள்.

அம்மா அன்று செய்த ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி அது ஓடுகிற திசையைப் பார்த்தாள். வாசலில் மூன்று விரல் உயரத்துக்குச் சிமெண்டால் வரப்புக் கட்டி, தரையையும் ஜலதாரைப் பக்கம் சாய்வாகப் பூசினாள். அளவெடுத்துக் கதவின் அடியை அறுத்ததும், அறுத்த பக்கத்தில் இரண்டு தடவை பெயின்ட் அடித்துக் காய வைத்தாள். “தண்ணி மொதல்ல குடிக்கறது அங்கதான்” என்றாள். நிலைச்சட்டத்தில் பழைய துளைகளை விட்டுவிட்டு, புது இடத்தில் மெல்லிய துளை போட்டு, ஸ்க்ரூவின் மரையில் சோப்பைத் தடவித் திருப்பினாள். மூன்று கீல். மேலேயும் பக்கத்திலும் தீப்பெட்டி அட்டை நுழைகிற அளவு இடைவெளி, கீழே ஒரு விரல். ஈரத்தில் மரம் உப்பினாலும் பிடிக்காமலிருக்க அந்த இடம் வேண்டும். கதவைத் தொங்கவிட்டு, அது தடையில்லாமல் மூடித் திறந்த பிறகுதான் தாழ்ப்பாளைக் கையிலெடுத்தாள். அதைச் சுவரில் வைக்காமல் நிலைச்சட்டத்திலேயே மாட்டினாள்.

பெயின்ட் காய்வதற்குக் காத்திருந்தபோது ஷமீம் அக்கா என்னைப் பார்த்து, “நீயும் சிரிச்ச, இல்ல?” என்றாள்.

“ஆமா” என்றேன்.

அவள் குனிந்து, பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன்.

கதவு ஏறியதும் ஓனர் இறங்கி வந்தார். “என் கதவ யாரக் கேட்டுக் கழட்டுன?”

“உங்க கதவுதான் சார், உங்க எடத்துலதான் இருக்குது. கொஞ்சம் தள்ளி இருக்குது, அவ்ளோதான்” என்றாள் அம்மா.

“பின்னால தொறந்து கெடக்குதே, அதுக்கு?”

“கோணி கட்டிக்கறம் சார். நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறம்.”

வரிசை வீடுகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அப்போது சிரித்தார்கள். ஓனர் முகம் கறுத்து, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஷமீம் அக்காவின் அண்ணன் வந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார், தாழ்ப்பாளைப் போட்டார், திறந்தார், மறுபடி போட்டார். தோளால் முட்டிப் பார்த்தார். வெளியே வந்தபோது ஷமீம் அக்கா அவர் எதிரில் நின்று, “நாளைக்கு மொத ஷிஃப்ட்டு. நான் போறன்” என்றாள். மறுநாள் காலை அவளுடைய சாப்பாட்டுப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை அவரே கூடப் போனார். மாதக் கடைசியில் நாங்கள் வேறு லைன் வீட்டுக்குப் போனோம். கோணி போதாதென்று பீரோவால் அடைத்திருந்த அந்தப் பின்வாசல் வழியாகத்தான் சாமான்களை ஏற்றினோம்.

அந்த லைன் வீடுகள் இப்போது இல்லை. இடித்துவிட்டு ஐந்து மாடி எழுப்பியிருக்கிறார்கள். துவைக்கும் கல்லும் இல்லை, வாளியோடு நின்ற வரிசையும் இல்லை, ஓனரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இதில் எதற்கும் எனக்கு வருத்தமில்லை. நான் கட்டடங்களை ஒப்படைக்கும் முன் கதவு, தரை, சுவர்ப் பொருத்தங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் சூளகிரிப் பக்கம், வெளிமாநிலப் பெண் தொழிலாளர்களுக்கான விடுதி ஒன்றைப் பார்க்கப் போனேன். குளியலறைக் கதவுகளின் அடியைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். எல்லாம் அறுத்தபடியே பச்சையாக இருந்தன. தாழ்ப்பாள்கள் இழுத்தால் ஆடின. “ஹாஸ்டல்தானே மேடம்” என்றார் மேற்பார்வையாளர், சிரித்துக்கொண்டே. நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் வேறொருவர் போட்டுவிட்டார். பெண்கள் குடிவந்துவிட்டார்கள்.

நேற்று மதியம் சாப்பிடும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். நான் போடவில்லை என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

“அங்க எத்தினி பொண்ணுங்க இருக்குது?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா.”

“தெரியாமயே உனக்குச் சோறு எறங்குதா?” என்று கேட்டுவிட்டு, என் தட்டில் ஊற்றவிருந்த குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் போட்டு மூடினாள்.