பதினோரு முகங்கள்

சவரக் கத்தியை எடுத்ததும் வேலுவின் கன்னம் தானாக உப்பிக்கொள்ளும். படுக்கையில் கிடக்கும் என் வீட்டுக்காரருக்கு, கன்னத்தை இப்படி உப்பு என்று காட்டத்தான் ஆரம்பித்தார். வாதம் அடித்த இடது பக்கத்தில் காற்று நிற்காது என்று தெரிந்ததும், கரண்டியின் முதுகை வாய்க்குள் கொடுத்துத் தோலை நிமிர்த்திக்கொள்கிறார். ஆனாலும் வேலுவின் கன்னம் உப்புவது நிற்கவில்லை.

வேலுவுக்குக் கடை கிடையாது. பட்டினப்பாக்கத்திலிருந்து மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வருவார். மயிலாப்பூர், மந்தைவெளியில் எழுந்து உட்கார முடியாத பதினோரு பெரியவர்களின் முகம் அவர் பொறுப்பு. வாய் ஓயாது. "இன்னா தாத்தா, மூஞ்சி பலாப்பழமாட்டம் கீது? பொண்ணு பாக்கப் போனா ஓடிடுவாளே!" முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் நாலு மாதமாகச் சிரிக்காத மனுஷர் பாதி வாயால் சிரித்தார். அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது லேசில் நடக்காது.

கட்டில் கட்டிலாகக் குனிந்ததில் வேலுவின் வலது தோளில் தசை கிழிந்துவிட்டது. ஆபரேஷன், அப்புறம் மூன்று மாதம் கையைத் தூக்கக் கூடாது. பெரியவர்களைத் தாடியோடு விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. மாற்று ஆளாக யாரைக் கூட்டி வந்தார் தெரியுமா? இருபது வருஷமாகத் தொழிலில் போட்டி போட்ட சலூன்காரர் வலியுல்லாவை.

"வீட்டையெல்லாம் அவரே புடிச்சுக்கிட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"புடிச்சிக்கினு போவட்டும்மா. பாய்க்குக் கை நடுங்காது. அது போதும்."

வீடு வீடாக அழைத்துப் போய்த் தன் கண் முன்னால் சவரம் செய்ய வைத்தார். யாருக்கு மரு எங்கே இருக்கிறது, யாருக்கு எந்தக் காது கேட்காது, எல்லாம் வாய்ப்பாடமாக ஒப்பித்தார். பத்து வீடு ஒத்துக்கொண்டது. கடைசி வீடு எங்களுடையது.

வலியுல்லா அத்தனை பணிவாக, "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புறீங்களாய்யா?" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தாடையைத் தொட்டால் நல்ல கையால் தட்டிவிட்டார்.

வேலுவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நாளைக்கு ஆஸ்பத்திரில சேரணும். தாத்தா ஒத்துக்கலன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுர்றேம்மா."

"அதெல்லாம் நடக்காது. தாடி வளர்ந்தா வளரட்டும். நீ போய்ப் படு" என்றேன்.

வேலு வலியுல்லா பக்கம் திரும்பினார். "பாய், மரியாதையெல்லாம் உன் கடைல வச்சிக்கோ. திட்டு."

"யாரை?"

"தாத்தாவைத்தான்!"

வலியுல்லா நெளிந்தபடி என்னைப் பார்த்தார். "நல்லாத் திட்டுங்க" என்று நானும் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏன் தாத்தா... இப்படி ஆட்டினா காது என் கையோட வந்துடும். அப்புறம் மூக்குக்கண்ணாடியை எதுல மாட்டுவே?"

சுவர்ப் பக்கம் தோள் குலுங்கியது. முகம் மெல்லத் திரும்பி, தாடை தானே மேலே வந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் காப்பி கலக்கப் போனேன். டம்ளர்களோடு திரும்பியபோது வலியுல்லா கரண்டியை உள்ளே கொடுத்துக் கத்தியை இழுத்துக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில், வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வேலு நின்றிருந்தார். அவர் கன்னம் உப்பியிருந்தது.