பதினாறு எண்ணும்வரை

ஜெபா செத்துப்போன செய்தி எனக்கு ஒரு வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வந்தது. ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவன் படம், சுற்றிலும் மெழுகுவர்த்திகள், பின்னணியில் அவன் செய்த ‘ஊரப்பாக்கம் லோக்கல்’. அதிலும் எந்த இடம்? சரியாக அந்தக் கைதட்டல் வரும் இடம். அவன் பெயரில் இருக்கும் அத்தனை இசையிலும் அவன் செய்யாத துண்டு அது ஒன்றுதான். அதைப் போட்டு அவனை வழியனுப்பியிருந்தார்கள். முப்பது வருடச் சிநேகிதனுக்காக அழவேண்டிய நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருந்தீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மைக்கைக் கையில் கொடுத்தும் அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லித் தொலைக்கிறேன்.

ஜெபக்குமாருக்கு இரும்புலியூரில் சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், காதுகுத்து, சர்ச் கூட்டம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவன் ஸ்பீக்கர்தான் போகும். நான் கூட்டாளி. கடைக்குப் பின்னால் இருந்த குடோனில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு டிரம் மெஷினை வைத்துக்கொண்டு அவன் டெக்னோ செய்தான். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களையே அன்றைக்கு விரல் விட்டு எண்ணிவிடலாம். பாடகர் கிடையாது, பல்லவி கிடையாது. ஒரே அடி நிற்காமல் போகும், போகப்போக மெல்ல மாறும். லோக்கல் ரயிலின் சக்கரச் சத்தத்தை டேப்பில் பிடித்துவந்து அதையே அடியாக்கினான்.

சேலையூரில் ஒரு ரிசப்ஷனில் துணிந்து அதைப் போட்டான். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்த பெண்ணின் தாய்மாமா எங்களிடம் வந்தார்.

“தம்பி, மீஜிக்கு சோக்காத்தான் கீது. பாட்டு எப்போ வரும்?”

“வந்துனுதான் சார் கீது. இதான் பாட்டு.”

“இன்னாப்பா பேஜாரு இது!”

அடுத்த நிமிடம் சினிமாப் பாட்டு போடச் சொல்லி ஆள் வந்துவிட்டது. ஊர் அவனைக் கடைசிவரை ‘ஸ்பீக்கர் ஜெபா’ என்றுதான் கூப்பிட்டது. இன்று அதே ஊர் ‘டெக்னோ முன்னோடி’ என்று போஸ்டர் ஒட்டுகிறது. நன்றாக ஒட்டட்டும்.

அவனைப் புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். கோவளம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் அம்மன் திருவிழா. உச்சி வெயில். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த பெண்கள்கூட அவன் அடிக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். யார் காலோ இடறி ஜெனரேட்டர் ஒயர் பிடுங்கிக்கொண்டது. சத்தம் நின்றது, கூட்டம் நிற்கவில்லை. மணலில் கால்கள் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தன. நான் பதறிக்கொண்டு ஒயரைச் சொருக ஓடினேன். ஜெபா நின்ற இடத்திலேயே நின்று வாய்க்குள் எண்ணினான். பதினாறு எண்ணியபோது கரண்ட் வந்தது. மெஷினைத் தட்டினான், அடி போய்க் கால்களோடு சேர்ந்துகொண்டது.

“பாத்தியா மச்சான், நாம வுட்டாலும் அவுங்க வுடல” என்றான். அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அவன் செய்த ஒவ்வொன்றின் நடுவிலும் பதினாறு எண்ணும் நேரத்துக்கு ஒன்றுமே இருக்காது. அடி, ரயில், இரைச்சல் எல்லாம் போய்விடும். கேட்டால், “அது என் எடம் இல்ல மச்சான், ஆடறவன் எடம்” என்பான்.

வெளிநாட்டு ரெக்கார்டு கம்பெனி ஒன்று ‘ஊரப்பாக்கம் லோக்கல்’ வேண்டும் என்று கேட்டது. இங்கிலீஷில் எழுதத் தெரிந்தவன் நான் என்பதால் கடிதப் போக்குவரத்தெல்லாம் என் பொறுப்பு. டேப்பை அனுப்பவேண்டிய வாரத்தில் ஜெபா திருநீர்மலைத் திருவிழாவுக்கு செட்டோடு போயிருந்தான். குடோனில் தனியாக உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை ஓட்டிக் கேட்டேன். அந்தப் பதினாறு வந்தது. எனக்குப் பகீரென்றது. டேப் கெட்டுப்போயிருக்கிறது என்று வெள்ளைக்காரன் தூக்கிப் போட்டுவிட்டால்? ஒரு நொடி சத்தம் நின்றால் கல்யாண வீடு மொத்தமும் திரும்பி சவுண்ட் சர்வீஸ்காரனைத்தான் முறைக்கும். வருடக்கணக்கில் அந்த முறைப்புக்குப் பயந்தே பிழைத்தவன் நான். மைக்கை எடுத்து வைத்து, என் இரண்டு கைகளாலும் பதினாறு தட்டுத் தட்டி, அதை அந்த இடத்தில் சேர்த்து வேறொரு டேப்பில் பதிந்து, அந்தப் பிரதியை அனுப்பிவிட்டேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருநீர்மலை என்ன சீமையிலா இருக்கிறது? சைக்கிளை மிதித்திருந்தால் அரைமணி நேரத்தில் போயிருக்கலாம்.

ரெக்கார்டு அச்சாகிப் பார்சலில் வந்தது. அவன் பெயரை அட்டையில் தடவிப் பார்த்துவிட்டு ஓடவிட்டான். அந்த இடம் வந்ததும் முள்ளைத் தூக்கினான்.

“இது யார் கை?”

“என் கைதான்டா. காலியா இருந்துச்சு, அதான்...”

“நல்லா தட்டிகீற” என்றான்.

அவ்வளவுதான். சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்தப் பாவி கடைசிவரை ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை.

அந்தக் கைதட்டலால்தான் ரெக்கார்டு பிரபலமானது. அவனை வெளிநாடுகளில் எங்கெங்கோ கூப்பிட்டார்கள். முதல் பயணம் முடிந்து வந்தவனிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “அந்த எடம் வந்தா மொத்தக் கூட்டமும் கை தட்டுது மச்சான். அங்கயும் உன் கைதான்.” இன்னொரு ஊரில் பிடிவாதமாக அசல் டேப்பையே போட்டிருக்கிறான். ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள். மெஷின் ரிப்பேர் என்று நினைத்துவிட்டார்கள். “உன்ன மாரியே ஒருத்தன் ஒயர புடிச்சினு ஓடியாந்தான்” என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பிறகு அசலை அவன் எங்கேயும் போடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாகச் செய்வதும் நின்றுபோனது. ஏன் என்று நான் கேட்டதே இல்லை, என்ன பதில் வரும் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. சினிமாவுக்கு இசையமைக்கும் ஒருவர், “அந்தக் கைதட்டல்தான் ஜெபா சாரோட ஆத்மா” என்றார். பாட்டைப் போட்டார்கள். அந்த இடத்தில் மண்டபமே எழுந்து நின்று தட்டியது. நீங்களும்தான் தட்டினீர்கள். முன்வரிசையில் ஜெபாவின் அக்கா எஸ்தர் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எளிமையானவன், பண்பானவன், ஈடு செய்ய முடியாத இழப்பு என்று உளறிவிட்டு இறங்கினேன். கோழைப்பயல் நான்.

இரண்டு நாள் கழித்து ஜெபா வீட்டுக்குப் போனேன். எஸ்தர் அக்கா பீரோவிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

“நீயா கேட்டா குடுன்னு சொல்லி வச்சிருந்தான்பா. இத்தினி வருசமா நீ கேக்கவேயில்ல. நானே குடுக்கறேன்.”

அசல் டேப். அவருடைய பழைய டெக்கிலேயே போட்டோம். ரயில் வந்தது, அடி ஏறியது. அந்த இடம் வந்தது. எனக்குக் கைதட்டல் கேட்டது. திருப்பி ஓட்டினேன். மறுபடியும் கேட்டது, பதினாறும், ஒன்று விடாமல், என் கை. மூன்றாம் முறையும் அதே. எதிரே எஸ்தர் அக்காவின் கால் கட்டைவிரல் தரையில் அடி தவறாமல் தட்டிக்கொண்டிருந்தது.

“எப்படி காலியா வுட்டுகீறான் பாத்தியா?” என்றார்.

“ஆமாக்கா” என்றேன்.

அவனுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேசட்தான். அவனைத் தெரிந்தவர்கள் யார் வந்தாலும் போட்டுக் காட்டுகிறேன். கட்டாயம் வாருங்கள். அந்த இடத்தில் சத்தமே இல்லை என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்லவேண்டும்.