போகிக்குத் தொட்டி கழுவாதீர்கள்

வண்ணமீன் விற்பவனுக்கு மீனைப் பற்றித் தெரிந்தால் போதாது, தண்ணீரைப் பற்றித் தெரிய வேண்டும். தெரிந்ததை வாங்குபவரிடம் சொல்லவும் வர வேண்டும். எனக்கு முதல் இரண்டும் வரும். மூன்றாவதை என் மனைவி வசந்தா பார்த்துக்கொண்டாள். அவளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அம்பத்தூர் ரயில் நிலையத்தில். நெமிலிச்சேரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவதாக இருந்தாள். ரயில் ஏறும்போது, "கடைக்கு யார்னா வந்தா மூஞ்சியப் பாத்துப் பேசுய்யா. மீனையே பாத்துகினு இருக்காதே" என்றாள். மதியம் சாப்பிட்டுப் படுத்தவள், தங்கை வீட்டிலேயே மாரடைப்பில் போய்விட்டாள். அது பங்குனி மாதம்.

கடை மண்ணூர்பேட்டையில். நான் பத்தாவதோடு நின்றவன். கடை போட்ட புதிதில் மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பழைய புத்தகக் கடையில் பிளஸ் ஒன் வேதியியலும் விலங்கியலும் வாங்கி, ஒன்றில் புரியாததை மற்றதில் தேடித் தேடிப் படித்தேன். மீன்கள் பிழைத்தன. ஆனால் படித்ததை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. வசந்தா போன பிறகு, கேள்வி கேட்டவர்களுக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாங்கிப் போன மீன் வீட்டில் செத்தது; அவர்கள் மறுபடி வரவில்லை. சித்திரையில் கட்டடத்தின் சொந்தக்காரர் முனுசாமி அண்ணன் வந்தார். "தை பொறக்கட்டும், கடைய வச்சிக்கிறியா உடறியான்னு சொல்லு. மருமவன் செல்போன் கட போடணும்ன்றான்" என்றார். தைக்குள் நான் பேசக் கற்றாக வேண்டும். வீட்டில் தொட்டி வைத்து, காலையில் மல்லாந்து மிதக்கும் மீனைப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கேன் தண்ணீர்

எதிர்ச்சந்தில் தையல் கடை வைத்திருக்கும் செல்வி மூன்று தங்கமீன் வாங்கிப் போனார். நாலே நாளில் மூன்றும் போயின. குழாய்த் தண்ணீர் அழுக்கு என்று கேன் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். "நாங்க குடிக்கிறதே அதாண்ணே" என்று கோபம் வேறு. நான் புத்தகத்தில் இருந்தபடியே செறிவு, சவ்வூடு பரவல் என்று ஆரம்பித்தேன். அவர் வாசலைப் பார்த்தார். என் சாப்பாட்டு டப்பா பக்கத்தில் திறந்திருந்தது. அதில் மாங்காய் ஊறுகாய்.

"மாங்காய்ல உப்பு போட்டா என்ன ஆவும்?" என்று கேட்டேன். "தண்ணி உடும்" என்றார். அதேதான் என்றேன். உப்பு அதிகம் இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் போகும். மாங்காய்க்கு உப்பு வெளியே இருக்கிறது, அதனால் தண்ணீர் வெளியே வருகிறது. மீனுக்கு உப்பு உடம்புக்குள்ளே. கேன் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. அதனால் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மீன் அதை வெளியே தள்ளித் தள்ளியே ஓய்ந்துபோகும். கொஞ்சம் உப்புள்ள போர் தண்ணீர்தான் அதற்குச் சுகம். செல்வி டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ஊர்கா மேட்டர்னு மீன் வாங்கும்போதே சொல்லியிருந்தா மூணு உசுரு பொழச்சிருக்கும்ணே."

சூடான சோடா

கத்திரி வெயிலில் ஒரு சோடாக் கடைக்காரர் வந்தார். அவர் தொட்டி மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவாம். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும் என்று விளக்க, புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடினேன். அவர் பொறுக்கவில்லை.

"வெயில்ல வச்ச சோடால கேஸ் நிக்காது தலைவா, இதுக்கு ஒரு புக்கா?"

ரெண்டு நம்பர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முலாம் பூசும் பட்டறையில் வேலை செய்யும் தேவா, ஏஞ்சல் மீன்கள் துள்ளித் துள்ளி விழுகின்றன என்று ஓடி வந்தான். புளிப்பு பார்க்கும் காகிதத்தை நனைத்தோம். என் தொட்டித் தண்ணீர் ஏழு காட்டியது, அவன் பாட்டிலில் கொண்டுவந்தது ஐந்து. விசாரித்தால், கூழாங்கல் பளபளக்க வேண்டுமென்று பட்டறை அமிலத்தில் முக்கி எடுத்து, ஒரே ஒரு அலசு அலசிப் போட்டிருக்கிறான்.

அந்தக் கணக்கில் ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு, இரண்டு இறங்கினால் நூறு மடங்கு என்றேன். ரசத்தில் ஒரு புளிக்குப் பதில் நூறு புளி கரைத்தால் நீ குடிப்பாயா என்றும் கேட்டேன். கல்லை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஐந்து மீனில் மூன்றைக் காப்பாற்றினான். ஆனாலும் அவனுக்கு மனசு ஆறவில்லை.

"ரெண்டு நம்பர்தானே மாமே, பட்டறைல இதுக்கு ஒர்த்தனும் திரும்பிக்கூட பாக்க மாட்டான்."

துப்புரவு ஆட்கள்

எங்கள் தொழிலுக்குப் பெரிய கண்டம் போகிப் பண்டிகை. வீட்டோடு சேர்த்து மீன் தொட்டியையும் சோப்புப் பொடி போட்டுத் தேய்ப்பார்கள். கல்லை மொட்டை மாடியில் காயவைப்பார்கள். வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்து துவைத்து, குளோரின் வாசனை அடிக்கும் புதுத் தண்ணீரை நிரப்புவார்கள். மாட்டுப் பொங்கலன்று செத்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு என் கடை வாசலில் நிற்பார்கள்.

இந்த மார்கழியில் கடைக்குள் வந்த ஒருவரையும் சும்மா விடவில்லை. மீன் செவுள் வழியாக அமோனியா விடுகிறது, அது மீனுக்கே விஷம். கல்லிலும் பஞ்சிலும் இருக்கும் வழுவழுப்பு அழுக்கில்லை. அமோனியாவைத் தின்று தீங்கு குறைந்த உப்பாக மாற்றும் கிருமிகள் அங்கேதான் குடியிருக்கின்றன. அவை துப்புரவு ஆட்கள். அவர்களைக் கொன்றுவிட்டு வீடு சுத்தம் என்கிறீர்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், ஒரு நாள் வாளியில் வைத்த தண்ணீரை ஊற்றுங்கள், பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். தொண்டை கட்டும் வரை சொன்னேன். செல்வி மட்டும் பெருமூச்சு விட்டார்.

"மீனுக்கே கூட்டிப் பெருக்க ஆள் கீது, எனுக்கு இல்ல பாருண்ணே."

மாட்டுப் பொங்கல்

காலையிலேயே கடையைத் திறந்து உட்கார்ந்தேன். மதியம் வரை ஒரு பை வரவில்லை. ஒரு ஆளும் வரவில்லை. எல்லோரும் வேறு கடைக்குப் போய்விட்டார்களோ என்று வாசலுக்கும் கல்லாவுக்குமாக நடந்தேன். மூன்று மணிக்குச் செல்வி தீனி வாங்க வந்தார். மழைக்காலத்தில் மறுபடி வாங்கிப் போன தங்கமீன்கள் நன்றாக இருக்கின்றனவாம். பின்னாலேயே தேவா, இரண்டாவது தொட்டிக்கு அளவு எழுதிக்கொண்டு. அவர்கள் போனதும் முனுசாமி அண்ணன் வந்து நின்றார்.

"தை பொறந்திடுச்சு. இன்னா, ஈ ஓட்றியா?" என்றார். "யார் வீட்லயும் மீன் சாகலண்ணே" என்றேன். "சாகலன்னா அவன் இன்னாத்துக்குப் புதுசு வாங்குவான்?" என்று கேட்டார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. என்றாலும் கடையை விடவில்லை என்றேன். பிறகு வாய் நிற்கவில்லை. அமோனியாவில் தொடங்கி ஊறுகாய் வரை அரை மணி நேரம் பேசினேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதும் கேட்டார்.

"மருமவனுக்கு வேற எடம் பாக்கறேன், அந்த நீலத்துல ரெண்டு புடிச்சிக் குடு."

ஆக, சாகாத மீனை விற்று மெதுவாக நடக்கும் கடை ஒன்று மண்ணூர்பேட்டையில் இருக்கிறது: இருபத்திரண்டு தொட்டி, ஒரு ஆள்.