கழுத்தில் தொங்கிய டேப்

தி. நகர் பில்லியர்ட்ஸ் போட்டி அரங்கில் நானும் தையல்காரர் அன்வர் அண்ணனும் இருக்கிறோம். விழுப்புரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணி வரவில்லை. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'தையல்' என்று நான்தான் நிரப்பினேன். எதிரே ஆடுபவருக்கோ பில்லியர்ட்ஸ்தான் தொழில்.

எட்டுக்கு எட்டு ஆட்டம் சமம்; இந்த ஆட்டத்தை எடுப்பவருக்கே வெற்றி. கடைசிப் பந்தை அண்ணன் குழிக்குள் தள்ளுகிறார். எல்லோரும் கைதட்ட, அவர் நடுவரிடம் போகிறார்.

"சார், ஃபவுல். அடிக்கறப்ப என் டேப்பு பந்துமேல பட்டுடுச்சு."

பழக்கத்தில் கழுத்திலேயே போட்டு வந்த அளவு டேப்.

"யாருமே பாக்கல நைனா, இன்னாத்துக்கு அவரே சொல்லிக்கினாரு?" என்கிறார் பக்கத்து இருக்கை ஆட்டோக்காரர்.

"துணிய ஒரு இஞ்ச் தப்பா வெட்டினாலும் அவரே கூப்ட்டுச் சொல்லிடுவாரு" என்கிறேன், அரங்குக்கே கேட்கும்படி.

நடுவர் பந்தை வெளியே எடுத்து மேஜையில் வைக்க, எதிராளி அதைப் போட்டு ஜெயிக்கிறார். வந்து அண்ணனின் கையைப் பற்றியவர் விடவேயில்லை.

நுழைவுக் கட்டணமும் பஸ்ஸும் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.